கடலில் கால் படாமல்

இலங்கைக்குச் சேவைப் பயணம் போகிற பத்துப் பிள்ளைகளுக்கும் நீல டீ ஷர்ட் வந்திருந்தது. முதுகில் "கடலோரக் குழந்தைகளுக்கு ஒரு கை" என்று வெள்ளை எழுத்து. பத்துப் பேரில் ஒருத்தியான ஷ்ரேயாவின் அம்மா யோசித்துக் கொடுத்த வாசகம். கிஷோர் அதை மாட்டிக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, திரும்பி முதுகைக் காட்டினான்.

"மிஸ், கடலோரக் குழந்தையே நான்தான். எனக்கு எவன் குடுப்பான் அந்தக் கைய?"

எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. இரண்டு மாதமாக விசா, காப்பீடு, தடுப்பூசி, எந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, எந்தப் பிள்ளை வெங்காயம் சாப்பிடாது என்று பெற்றோர்களின் குரலைக் கேட்டுக் கேட்டுக் காது புண்ணாகியிருந்தது. அழுக்காகப் போகிறது, கழற்றி மடித்து வை என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் பள்ளிக்கூடம் அடையாறில் இருக்கிறது. மூன்றாவது மாடி ஆய்வுக்கூடத்து ஜன்னலைத் திறந்தால், ஆறு கடலில் சேர்கிற முகத்துவாரமும் அதற்கு அந்தப் பக்கம் சீனிவாசபுரமும் தெரியும். நான் பிறந்து வளர்ந்த குப்பம் அது. நான் சைதாப்பேட்டைக்கு வாடகைக்குப் போய்விட்டேன், கிஷோர் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அங்கே சுவருக்கு வர்ணம் அடிக்கவோ, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கவோ எங்கள் பள்ளியிலிருந்து ஒரு ஆள் வந்ததில்லை. பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் ஆட்டோவில் போய்விடலாம். ஆனால் சேவை செய்ய விமானம் ஏற வேண்டியிருக்கிறது. முதல்வர் கோமளம் மேடத்திடம் ஒருமுறை இதைக் கேட்டேன். இலங்கை போனால் பிள்ளைகளுக்கு எக்ஸ்போஷர் கிடைக்கும், சீனிவாசபுரம் போனால் டெங்குதான் கிடைக்கும் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த வருஷமே சமூகசேவைப் பிரிவை என் தலையில் கட்டினார்கள். மீன் விற்றவள் மகளுக்கு ஏழைகளைப் பற்றித் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு. சரி, தெரிந்ததை வைத்து ஒரு காரியம் செய்யலாம் என்று, இந்தப் பயணத்தில் கிஷோருக்கு ஒரு இடம் கேட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து அறக்கட்டளைச் செலவில் படிக்கிற பையன். குப்பத்துப் பிள்ளை ஒன்றாவது வராவிட்டால் நானும் துணைக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறு எந்த டீச்சரும் பத்துப் பிள்ளைகளை மேய்க்க முன்வராததால் மேடம் ஒத்துக்கொண்டார்.

அவனுக்கு ஒரு வேலையும் கிடைத்தது. மட்டக்களப்புக்கு வடக்கே ஒரு மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் பாதுகாப்பு சொல்லிக்கொடுப்பது திட்டத்தில் ஒன்று. மீனவப் பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எழுதியவர் தண்ணீரில் கால் வைத்தே இருக்க மாட்டார். எங்கள் பத்துப் பேரில் உருப்படியாக நீந்தத் தெரிந்தவன் கிஷோர் ஒருவன்தான்.

அவனுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. விமானத்தில் போக வேண்டும், கடலை மேலேயிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சின்ன வயதில் அப்பாவைக் கடல் எடுத்துக்கொண்டது. பெரியப்பா டில்லிபாபுதான் வளர்த்தார். டிக்கெட் போட்ட நாளிலிருந்து டில்லிபாபு மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் இதையே பேசிக்கொண்டிருந்தார். பெட்டி வாங்க வேண்டும் என்று எங்கள் இருவரையும் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அந்த நெரிசலில் ஒரு சிவப்புப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்காரரிடம் சொன்னார்:

"நம்மாளுங்க எவனும் கடல மேலேர்ந்து பாத்ததில்ல நைனா. இவன் பாத்துட்டு வந்து மீனு எங்க கீதுன்னு சொல்லுவான். அப்பறம் பாரு எங்க வலைய."

கடைக்காரர் விலையைக் குறைக்கவில்லை. பெரியப்பாவும் பேரம் பேச மறந்துவிட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், டீக்கடையில் டீயைக் கையில் வாங்கின டில்லிபாபு அப்படியே சாய்ந்துவிட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன்பே உயிர் போய்விட்டது.

பள்ளியில் இருந்தபோது செய்தி வந்தது. மேடத்திடம் சொன்னேன். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, அப்படியானால் கிஷோர் வர மாட்டான் இல்லையா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த வருஷம் அவன் பன்னிரண்டாம் வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்பை எங்கள் பள்ளி எங்கேயும் அனுப்பாது. அது மேடத்துக்கும் தெரியும்.

நான் குப்பத்துக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. படகுகள் எல்லாம் மணலில் மூக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றன. குப்பத்தில் சாவு விழுந்தால் எடுக்கும்வரை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. கிஷோரின் அம்மா கங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிஷோர், பெரியப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி மேல் படிகிற ஈரத்தைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தான்.

டில்லிபாபுவுக்கு ஆண்பிள்ளை இல்லை, முத்துமாரி என்று ஒரே மகள். கொள்ளி கிஷோர்தான் வைக்க வேண்டும். அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை, அவனுக்கும் இல்லை. சிக்கல் அதற்குப் பிறகு. கொள்ளி வைத்தவன் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை கடலில் இறங்கக் கூடாது, கடலைத் தாண்டக் கூடாது. கடலுக்குத் தீட்டு ஆகாது. இது எங்கள் குப்பத்துக் கட்டு. மீறினால் வலையில் மீன் விழாது என்பார்கள், மீறினவனை யாரும் படகில் ஏற்ற மாட்டார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் அங்கமுத்து ஒரு ஃபைபர் படகின் நிழலில் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றேன். பையன் போயாக வேண்டும், கருமாதிக்கு முன்பே திரும்பிவிடுவான், நான் பொறுப்பு என்றேன். அவர்களில் ஒருவர், உன் பள்ளிக்கூடத்துச் சட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள் என்றார். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, கத்த ஆரம்பித்துவிட்டேன். சாவு வீட்டுக்குப் பக்கத்தில் கத்தக் கூடாது என்று தெரிந்தும் கத்தினேன். ஒவ்வொரு கட்டும் படிக்கிற பிள்ளை காலில்தான் வந்து விழுமா, படகில் மெஷின் வைத்து மீன் கூட்டத்தைத் தேடுகிறீர்களே அப்போது எங்கே போயிற்று கட்டு என்று கேட்டேன். இன்னும் சிலதும் சொன்னேன், எழுதுகிற மாதிரி இல்லை. பொம்பளைப் பிள்ளை இப்படியா பேசுவது என்றார்கள். பேசாமல் இருந்த பொம்பளைப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்றேன்.

சத்தம் கேட்டு முத்துமாரி வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. குரல் கம்மிப்போய்ப் பாதி காற்றாக வந்தது.

"எங்கப்பா பெட்டி வாங்கிக் குடுத்துட்டு செத்துகீறாரு. அத்த பரண்ல போடறதுக்கா வாங்குனாரு? தெனம் வெளக்கு ஏத்தறது நான் ஏத்திக்கறேன். தம்பி போவட்டும்."

 அப்போது மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பின விமானம் ஒன்று எப்போதும்போல எங்கள் தலைக்கு மேல் ஏறிக் கடலுக்குள் போயிற்று. அங்கமுத்து அது மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேகலா, இது தண்ணில எங்கனா படுமா?"

"படாது மாமா."

"நடுவுல எங்கியும் நிக்காதே?"

"நிக்காது. தரையில ஏறித் தரையில எறங்கும்."

"அப்ப இவன் கடல எங்க தாண்டறான்? காத்தத் தாண்டறான்." மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாபா, சரிதான?"

காக்காய்கூடத்தான் தாண்டுகிறது, அதற்கென்ன தீட்டு என்றார் முதலில் என்னை விரட்டியவர். சாவு வீட்டுப் பக்கத்திலேயே இரண்டு பேர் அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். கிஷோரைக் கூப்பிட்டு, அங்கமுத்து அவன் கையை எடுத்துப் படகின் முனைமேல் வைத்தார்.

"போய்க்கினு வா. ஆனா கருமாதி வரைக்கும் கடல்ல காலு படக்கூடாது. இங்கன்னாலும் சரி, அங்கன்னாலும் சரி, கடலு ஒண்ணுதான். நீ கால வெச்சா நாங்க யாரும் பாக்கப் போறதில்ல. நீ பாத்துக்கினு இருப்ப."

கிஷோர் தலையை ஆட்டினான். சாயந்திரம் மொட்டை அடித்துக்கொண்டு கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டில் கொள்ளி வைத்தான். மறுநாள் காலை பால் தெளித்துவிட்டு, சிவப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு ஆட்டோவில் ஏறினான். சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்து வழியெல்லாம் தூங்கினேன்.

விமான நிலையத்தில் ஒன்பது நீலச் சட்டைகளும் அவற்றின் பெற்றோர்களும் கூடியிருந்தார்கள். கோமளம் மேடம் பேனரோடு வந்திருந்தார். கிஷோரின் மொட்டைத் தலையைப் பார்த்ததும் பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். ஷ்ரேயா மட்டும் பக்கத்தில் வந்து, சாரிடா என்றாள். பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் அவன் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் அம்மா என்னைத் தள்ளுவண்டிகள் நிற்கிற பக்கம் கூட்டிப்போனார். மயிலாப்பூர் மாட வீதிக்காரர். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறார். இந்தப் பயணத்துக்காக நிறைய ஓடினவர், அதை நான் மறுக்க மாட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ மேகலா. குழந்தையப் பாத்தா நேக்கே வயத்தப் பெசையறது. ஆனா நேத்திக்குத்தானே ஆயிருக்கு? பத்து நாள் தீட்டு இருக்கோல்லியோ. எல்லாரும் ஒரே எடத்துல படுத்துண்டு, ஒண்ணா சாப்டுண்டு... எங்காத்துப் பெரியவா கேட்டா நான் என்ன சொல்றது?"

சாய்சரணின் அம்மாவும் வந்து பக்கத்தில் நின்றார். கிஷோரோடு ஒரே அறையில் தங்க வேண்டியவன் சாய்சரண். அந்த அம்மா ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். மேடம் எட்டிப் பார்த்து விஷயம் புரிந்துகொண்டு, கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாமே மேகலா என்றார். யாரை யார் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எப்போதும் சொல்ல மாட்டார்.

முந்தின நாள் கத்தின கத்தலில் எனக்குத் தொண்டை போயிருந்தது. அதனால் மெதுவாகத்தான் பேசினேன்.

"மேடம், நேத்து எங்க குப்பத்துல அஞ்சு பேர் உக்காந்து இவன அனுப்ப வழி தேடினாங்க. பொணத்த வெச்சிக்கிட்டு தேடினாங்க. நீங்க எல்லாரும் இங்க நின்னு இவன நிறுத்த வழி தேடறீங்க. பாஸ்போர்ட் பூரா என் பையில இருக்கு. அவன் வரலன்னா நானும் வரல. டீச்சர் இல்லாம இவங்க யாரையும் உள்ள விட மாட்டாங்க."

ஷ்ரேயாவின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனை வர வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லையே என்றார். அது உண்மைதான். தனி அறை, தனிச் சாப்பாடு, அவ்வளவுதான் கேட்டார். அவ்வளவுதான் என்று அவர் சொன்ன விதத்தில்தான் நான் பாஸ்போர்ட் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கிஷோர் எப்போது பக்கத்தில் வந்தான் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதிலிருந்து என்னை மிஸ் என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகினவன், அத்தனை பேர் முன்னால் குப்பத்தில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டான்.

"அக்கா, வுடுக்கா. எங்கூட்ல எனக்கு ரூமே கெடையாது. தனியா ஒண்ணு தராங்கன்னா நான் வேணான்னா சொல்லப்போறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். மூச்சு விட்டார்கள் என்று சொல்ல வேண்டும். சமத்துக் குழந்தை என்றார் ஷ்ரேயாவின் அம்மா, அவன் தோளைத் தட்டக் கையைத் தூக்கி, பாதியில் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். அவனே கதவைச் சாத்திவிட்ட பிறகு நான் எதை உடைக்க? பேனரைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். கிஷோரை மேடம் நடுவில் நிற்க வைத்தார்.

விமானத்தில் அவனுக்கு ஜன்னல், நான் பக்கத்தில். மேலே ஏறின கொஞ்ச நேரத்தில் ஆறு வளைந்து கடலில் விழுகிற இடம் தெரிந்தது. ஒரு பக்கம் பள்ளிக்கூடம், ஒரு பக்கம் குப்பம், இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் தண்ணீர். அவன் மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டான். படகுகள் சீப்பின் பல் மாதிரி மணலில் கிடந்தன. அதுவும் போய், பிறகு நீலம் மட்டும்.

மீன் தெரிகிறதாடா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒண்ணுமே தெரில மிஸ். வெறும் தண்ணி." கண்ணாடியில் படிந்த மூச்சைக் கையால் துடைத்துவிட்டு, "அவரு நெசமாவே தெரியும்னு நெனச்சுக்கினு இருந்தாரு" என்றான். கொழும்பு வரும்வரை முகத்தை ஜன்னல் பக்கத்திலிருந்து திருப்பவில்லை.

கிராமத்தில் பாலர் பள்ளிக்கு மஞ்சள் வர்ணம் அடித்தோம். சுரண்டினால் அடியில் பச்சை, அதற்கடியில் ரோஜா நிறம். எங்களுக்கு முன்னால் வந்த புண்ணியவான்கள் அடித்தது. விடுதியில் கிஷோருக்குத் தனி அறை கொடுத்தார்கள். அந்த அறையில் மட்டும்தான் ஏசி வேலை செய்தது. இரண்டாம் நாளே சாய்சரண் தலையணையை எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் படுத்துவிட்டான். தினமும் வீட்டோடு பேசுகிற ஷ்ரேயா, எல்லாம் நீ சொன்ன மாதிரிதாம்மா நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே கிஷோரின் தட்டிலிருந்து அப்பளத்தை உடைத்துத் தின்றாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். எனக்கு அதில் சந்தோஷப்படக்கூடச் சலிப்பாக இருந்தது.

நீச்சல் வகுப்பு பயணத்தின் கடைசி நாட்களில் வந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் பெரிய அலைக்குள் தலையைக் கொடுத்து அந்தப் பக்கம் எழுந்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிஷோர் ஈர மணலுக்கு மேலே, காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு கையை விரிடா, மூச்சை அடக்காதே என்று சாய்சரணுக்குக் கத்திக்கொண்டிருந்தான். அலை நுரை கொஞ்சம் அதிகமாக ஏறி வந்தால் பின்னால் குதித்தான். முகத்துவாரத்தை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நீந்துகிறவன், மழைத்தண்ணீருக்குப் பயந்த பூனை மாதிரி குதித்தான்.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடைக்குமா? ஒரு சின்னப் பெண் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்த அண்ணாக்குக் கடலெண்டா பயமாம்."

மற்றதுகளும் வந்து சூழ்ந்துகொண்டு அதையே ராகம் போட்டுப் பாடின. என் பிள்ளைகளும் சிரித்தார்கள், ஷ்ரேயாவைத் தவிர. கால் படக் கூடாது என்ற விஷயம் அங்கே எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். கிஷோர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான். வேண்டாம்.

"ஆமா, பயம்தான்" என்றான் அவர்களிடம். "எனக்கு நீச்சலே தெரியாது."

அவர்களுக்கு உடனே இரக்கம் வந்துவிட்டது. நாங்கள் சொல்லித் தருகிறோம் என்று இரண்டு கையையும் பிடித்துத் தண்ணீருக்கு இழுத்தார்கள். அவன் மணலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். இங்கேயே சொல்லிக் கொடுங்கள், நன்றாக வந்த பிறகு இறங்குகிறேன் என்றான். அந்தச் சின்னப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவனுக்குப் பக்கத்தில் காய்ந்த மணலில் குப்புறப் படுத்து, கையை எப்படி வீச வேண்டும், காலை எப்படி உதைக்க வேண்டும் என்று செய்து காட்டினாள். கிஷோரும் குப்புறப் படுத்தான். முதுகில் "கடலோரக் குழந்தைகளுக்கு ஒரு கை" வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கையை வீசினான், வேண்டுமென்றே தப்பாக. அவள் அவன் முழங்கையைப் பிடித்துத் திருத்தினாள்.

கைப்பேசி அதிர்ந்தது. கோமளம் மேடம். பள்ளி ஆண்டு மலருக்கு, கிஷோர் தண்ணீரில் நின்று குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிடு என்று அனுப்பியிருந்தார். கடைசியில், திரும்பி வந்ததும் உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்று ஒரு வரி.

கைப்பேசியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு மணலில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் இப்போது கிஷோரைச் சுற்றி வட்டமாகப் படுத்து, எல்லோருமாகத் தரையை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு பெரிய அலை உடைந்து, நுரை அவன் காலை நோக்கி ஏறி வந்தது. அவன் நீச்சலை நிறுத்தாமல், காலை மட்டும் மடக்கிக்கொண்டான்.